ஆங்கிலச் சொல்லாக்கமும் செயப்பாட்டு வினையும்: சேர்த்துப் பழக ஒரு முழு வழிகாட்டி

வேர்டு ஃபார்மேஷன் தனிப் பாடம், பாஸிவ் வாய்ஸ் தனிப் பாடம் என்றுதான் பெரும்பாலான இலக்கணப் புத்தகங்கள் பிரித்து வைத்திருக்கும். அப்படிப் பிரித்துப் படித்தால் இரண்டுமே சுமையாகத் தெரியும், ஒன்றில் பட்ட பாடு இன்னொன்றுக்கு உதவாது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் இரண்டும் ஓர் இடத்தில் வந்து சேர்வது தெரியும். அது வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம், அதாவது 'பிரேக், புரோக், புரோக்கன்' என்பதில் கடைசியாக வரும் 'புரோக்கன்'. 'தி விண்டோ வாஸ் புரோக்கன்' என்றால் அது செயப்பாட்டு வினை. 'எ புரோக்கன் விண்டோ' என்றால் அதே சொல் பெயரடை. முன்னால் ஒன்றை ஒட்டி 'அன்புரோக்கன்' என்றால் அது சொல்லாக்கம். இந்த மூன்றாம் வடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் போய்வருவதுதான் இந்த வழிகாட்டியில் நான் சொல்லப்போகும் முறை.

தொடங்கும் முன் ஒன்று. எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். நீங்கள் நோட்டில் அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதி, சந்தேகம் வரும் இடத்தில் அகராதியைப் பாருங்கள். எழுத்துக்கூட்டல் பயிற்சியும் அதிலேயே நடந்துவிடும். சொல்லாக்கத் தேர்வுகளில் சரியான சொல்லைக் கண்டுபிடித்தும் ஓர் எழுத்து தப்பி மதிப்பெண் போவது மிகச் சாதாரணம்.

படி 1: மூன்றாம் வடிவத்தை ஓசை வைத்துப் பிடியுங்கள்

வழக்கமான வினைகளுக்குக் கடைசியில் 'இடி' சேர்த்தால் போதும், அங்கே வேலை இல்லை. ஒழுங்கில்லாத வினைகள்தான் பிரச்சினை. அவற்றை அகரவரிசையில் மனப்பாடம் செய்யாதீர்கள், அந்தப் பட்டியல் மனதில் ஒட்டவே ஒட்டாது. ஓசை ஒத்துவரும் சொற்களை ஒரே கூட்டமாகச் சேருங்கள். 'கட், புட், ஹிட், ஷட்' நான்கும் மூன்று வடிவத்திலும் மாறாதவை. 'பாட், பிராட், தாட், டாட்' (வாங்கு, கொண்டுவா, நினை, கற்பி) ஆகியவற்றுக்கு இரண்டாம் வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒன்றுதான், ஓசையும் ஒன்றுதான். 'சிங், சாங், சங்' போலவே 'டிரிங்க்', 'பிகின்', 'ஸ்விம்', 'ரிங்' எல்லாம் உயிரெழுத்தை மட்டும் மாற்றிக்கொண்டு போகும். 'ரிட்டன், டேக்கன், கிவன், ஸ்போக்கன், சோசன்' என்று 'ன்' ஓசையில் முடிபவை ஒரு கூட்டம். 'கம், கேம், கம்' என்று முதல் வடிவத்துக்கே திரும்பி வருபவை சில, 'பிகம்', 'ரன்' இரண்டும் அதில் அடக்கம்.

ஒரு நாளைக்கு ஒரு கூட்டம் போதும். வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் 'இட் வாஸ்' என்று தொடங்கி ஒரு சின்ன வாக்கியமும் சொல்லிவிடுங்கள்: 'இட் வாஸ் ரிட்டன்', 'இட் வாஸ் சோசன்'. இப்படிச் செய்தால் மூன்றாம் வடிவம் தனிச் சொல்லாக மனதில் தங்காது, செயப்பாட்டு வினையின் பாதி உடலோடு சேர்ந்தே தங்கும்.

படி 2: காலி இடத்தின் வேலை என்ன என்று கேளுங்கள்

கேம்பிரிட்ஜ் பி2 ஃபர்ஸ்ட் தேர்வின் ரீடிங் அண்ட் யூஸ் ஆஃப் இங்கிலிஷ் தாளில் மூன்றாம் பகுதி முழுக்கச் சொல்லாக்கம்தான். ஒரு பத்தி, அதில் 8 காலி இடங்கள், பக்கத்தில் வேர்ச்சொற்கள். சி1 அட்வான்ஸ்ட் தேர்விலும் அப்படியே 8. நீங்கள் எந்தத் தேர்வும் எழுதாதவராக இருந்தாலும் இந்த வடிவம் பழகுவதற்கு அருமையானது.

பலர் செய்யும் தவறு, வேர்ச்சொல்லைப் பார்த்த உடனேயே அதற்குப் பழக்கமான வாலை ஒட்டிவிடுவது. 'டிசைட்' என்று பார்த்ததும் கை தானாக 'டிசிஷன்' என்று எழுதிவிடும். முதலில் வேர்ச்சொல்லைக் கையால் மறையுங்கள். வாக்கியத்தை மட்டும் படித்து, அந்த இடத்தில் உட்காரப்போவது பெயர்ச்சொல்லா, வினையா, பெயரடையா, வினையடையா என்று முடிவு செய்யுங்கள். 'தி' அல்லது 'ஹிஸ்' முன்னால் இருந்து, பின்னால் 'ஆஃப்' வந்தாலோ நேராக வினை வந்தாலோ அங்கே பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லுக்கு ஒட்டி முன்னால் காலி இடம் இருந்தால் பெரும்பாலும் பெயரடை. வாக்கியம் காலி இடம் இல்லாமலேயே முழுமையாக இருக்கிறது, வேலை எப்படி நடந்தது என்பது மட்டும்தான் குறைகிறது என்றால் வினையடை.

இதற்கு அப்புறமும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, மதிப்பெண் போவது இங்கேதான். முதல் கேள்வி, பொருள் நேராகவா எதிர்மறையாகவா? 'தி சேர் வாஸ் சோ ——— தட் நோபடி சாட் இன் இட் ஃபார் லாங்', வேர்ச்சொல் 'கம்ஃபர்ட்'. இடம் பெயரடைக்கு உரியது என்று கண்டுபிடித்து 'கம்ஃபர்டபிள்' என்று எழுதினால் இலக்கணம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் யாரும் ரொம்ப நேரம் உட்காராத நாற்காலி வசதியாகவா இருந்திருக்கும்? 'அன்கம்ஃபர்டபிள்' என்பதுதான் விடை. இரண்டாவது கேள்வி, ஒருமையா பன்மையா? 'தேர் ஆர் செவரல் ——— பிட்வீன் தி டூ பிளான்ஸ்', வேர்ச்சொல் 'டிஃபர்'. 'டிஃபரன்ஸ்' என்று நிறுத்தினால் தப்பு, 'டிஃபரன்சஸ்' வேண்டும். 'ஆர்', 'செவரல்' இரண்டுமே அதைச் சொல்லிவிடுகின்றன, கண் அங்கே போனால் போதும்.

படி 3: ஒரு சொல்லுக்கு ஒரு குடும்பம்

நோட்டில் நான்கு பத்திகள் கோடு போடுங்கள்: பெயர், வினை, பெயரடை, வினையடை. வாரத்துக்குப் பத்து வேர்ச்சொல்லுக்கு மேல் வேண்டாம். 'சக்ஸீட்' வினை, 'சக்ஸஸ்' பெயர், 'சக்ஸஸ்ஃபுல்' பெயரடை, 'சக்ஸஸ்ஃபுல்லி' வினையடை, எதிர்மறைக்கு 'அன்சக்ஸஸ்ஃபுல்'. எல்லாக் கட்டமும் நிரம்ப வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள், சில குடும்பத்தில் ஆள் இல்லாத இடம் இருக்கும். சிலவற்றில் ஒரே கட்டத்தில் மூன்று பேர் இருப்பார்கள்: 'கிரியேட்' என்பதிலிருந்து 'கிரியேஷன்' படைப்பு, 'கிரியேட்டர்' படைத்தவர், 'கிரியேட்டிவிட்டி' படைக்கும் திறன். மூன்றும் பெயர்ச்சொல்தான், பொருள் வேறு. 'முடி' என்பதிலிருந்து முடிவும் வரும் முடிப்பும் வரும், இரண்டும் ஒன்றல்ல என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆங்கிலத்தில் மட்டும் அந்தக் கவனத்தைப் புதிதாக வளர்க்க வேண்டியிருக்கிறது.

வால் ஒட்டும்போது உள்ளேயும் மாறும் சொற்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். 'லாங்' நீளமான, 'லெங்த்' நீளம். 'ஸ்டிராங்', 'ஸ்டிரெங்த்'. 'ஹை', 'ஹைட்'. 'வைட்', 'விட்த்'. 'டீப்', 'டெப்த்'. இவற்றிலிருந்து வினை செய்யும்போது ஒரு விசித்திரம் உண்டு. 'லெங்தன்', 'ஸ்டிரெங்தன்', 'ஹைட்டன்' மூன்றும் பெயர்ச்சொல்லின் மேல் 'என்' ஒட்டி வருகின்றன, 'வைடன்', 'டீப்பன்' இரண்டும் பெயரடையின் மேல் ஒட்டி வருகின்றன. இதற்கு விதி தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம், ஐந்து சொல்தானே, அப்படியே மனதில் ஏற்றிக்கொள்ளலாம்.

பேசுவதற்காகப் படிப்பவர்கள் அழுத்தத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் அழுத்தம் முதல் அசையில், 'ஃபொடாகிரஃபர்' என்பதில் இரண்டாம் அசையில், 'ஃபோட்டோகிராஃபிக்' என்பதில் மூன்றாம் அசையில். 'ஷன்', 'இட்டி', 'இக்' என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அந்த வாலுக்கு முந்தைய அசையில்தான் அழுத்தம் விழும். இந்த ஒரு விதி தெரிந்தாலே நூற்றுக்கணக்கான சொற்களின் உச்சரிப்பு நேராகிவிடும்.

படி 4: எதிர்மறை முன்னொட்டுகள்

இங்கே தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரம்கள் ஆகாமல் மரங்கள் ஆகிறதே, அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து மகரம் தன்னை மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் 'இன்' என்ற முன்னொட்டும் அப்படித்தான். ப, ம ஓசைகளுக்கு முன்னால் 'இம்' ஆகும்: 'இம்பாசிபிள்', 'இம்பேலன்ஸ்', 'இம்மெச்சூர்'. லகரத்துக்கு முன்னால் 'இல்': 'இல்லீகல்', 'இல்லாஜிக்கல்'. ரகரத்துக்கு முன்னால் 'இர்': 'இர்ரெகுலர்', 'இர்ரெஸ்பான்சிபிள்'. புணர்ச்சி விதி படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை.

ஆனால் 'அன்' மாறாது. 'அன்பாப்புலர்', 'அன்லிமிடெட்', 'அன்ரிலையபிள்' எல்லாம் அப்படியே நிற்கும். காரணம் வரலாற்றில் இருக்கிறது. 'அன்', 'நெஸ்', 'ஃபுல்', 'லெஸ்' ஆகியவை பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. 'இன்', 'ஷன்', 'இட்டி', 'மென்ட்', 'ஏபிள்' ஆகியவை இலத்தீன் வழி வந்தவை, 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு மூலமாக ஏராளமாக உள்ளே நுழைந்தவை. இது தெரிந்தால், பலரைக் குழப்பும் ஒரு விஷயமும் புரிந்துவிடும். 'ஏபிள்' என்பதன் எதிர்மறை 'அன்ஏபிள்', ஆனால் பெயர்ச்சொல்லாகும்போது 'இனபிலிட்டி'. 'அன்ஈக்குவல்', ஆனால் 'இன்ஈக்குவாலிட்டி'. 'அன்ஸ்டேபிள்', ஆனால் 'இன்ஸ்டெபிலிட்டி'. பின்னால் இலத்தீன் வழி வந்த 'இட்டி' ஒட்டியதும் முன்னாலும் அதன் உறவுக்கார 'இன்' வந்து நிற்கிறது.

'டிஸ்', 'மிஸ்' இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 'டிஸ்அக்ரீ' என்றால் உடன்படவில்லை, 'மிஸ்அண்டர்ஸ்டாண்ட்' என்றால் புரிந்துகொண்டது தப்பு. எழுத்துக்கூட்டலில் ஓர் எளிய வழி, முன்னொட்டை முழுதாக எழுதி, வேர்ச்சொல்லையும் முழுதாக எழுதுங்கள். 'மிஸ்' கூட 'ஸ்பெல்' சேர்ந்தால் இரண்டு 'எஸ்' கட்டாயம் வரும், 'டிஸ்' கூட 'அப்பியர்' சேர்ந்தால் ஒரே ஒரு 'எஸ்'தான் வரும்.

படி 5: செயப்பாட்டு வினையில் காலத்தைச் சுமப்பது யார்?

தமிழில் எழுதப்படுகிறது, எழுதப்பட்டது, எழுதப்படும், எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்பட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். 'எழுதப்' என்ற பகுதி அசையவே இல்லை, காலத்தை எல்லாம் 'படு' சுமக்கிறது. ஆங்கிலத்தில் 'ரிட்டன்' அசையாது, காலத்தை எல்லாம் 'பி' சுமக்கும். இஸ் ரிட்டன், வாஸ் ரிட்டன், வில் பி ரிட்டன், ஹாஸ் பீன் ரிட்டன், ஷுட் பி ரிட்டன். நடந்துகொண்டிருப்பதற்கு இஸ் பீயிங் ரிட்டன், அப்போது நடந்துகொண்டிருந்ததற்கு வாஸ் பீயிங் ரிட்டன், அதற்கும் முன்பே முடிந்ததற்கு ஹாட் பீன் ரிட்டன். ஒரே வினையை எடுத்து இந்த எட்டையும் மூச்சு விடாமல் சொல்லும் வரை பழகுங்கள், அடுத்த நாள் 'பில்ட்', அதற்கடுத்த நாள் 'ரிப்பேர்'. எட்டு நாளில் எட்டு வினை. நாக்கு பழகிவிட்டால் எழுதும்போது அட்டவணையைத் தேட வேண்டியிருக்காது.

'ஐ ஈட் எ மேங்கோ' என்பதை 'எ மேங்கோ இஸ் ஈட்டன் பை மீ' என்று மாற்றும் பயிற்சியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த வாக்கியத்தை எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். செயப்பாட்டு வினை என்பது செய்வினையை எந்திரம்போலத் திருப்பிப் போடுவது என்ற எண்ணத்தை அது விதைத்துவிடுகிறது, அந்த எண்ணம் போவதற்கு அப்புறம் ரொம்ப நாள் ஆகும்.

படி 6: தமிழில் எழுவாய் காணாமல் போகும் இடத்தைப் பிடியுங்கள்

என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது இந்தப் படிதான். தமிழில் நாம் 'படு' போட்டுப் பேசுவது குறைவு. யார் செய்தது என்று தெரியாதபோதும், சொல்லத் தேவை இல்லாதபோதும் 'ஆர்கள்' போட்டு முடித்துவிடுவோம். 'என் பையைத் திருடிட்டாங்க', 'சாலையைத் தோண்டியிருக்கிறார்கள்', 'கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள்'. யார் அந்த அவர்கள்? யாருக்கும் தெரியாது, கவலையும் இல்லை. இந்த வாக்கியங்கள்தான் ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினையாக வர வேண்டியவை: 'மை பேக் ஹாஸ் பீன் ஸ்டோலன்', 'தி ரோட் ஹாஸ் பீன் டக் அப்', 'தி மீட்டிங் ஹாஸ் பீன் போஸ்ட்போன்ட்'. 'பை சம்ஒன்' என்று கடைசியில் ஒட்டவே கூடாது. ஒரு நாள் முழுக்க உங்கள் காதில் விழும் தமிழைக் கவனித்து, இப்படி ஆள் இல்லாத 'ஆர்கள்' வரும்போதெல்லாம் மனதுக்குள் ஆங்கிலத்தில் மாற்றிப் பாருங்கள். அன்று மாலைக்குள் இருபது வாக்கியமாவது சேர்ந்திருக்கும்.

'பை' எப்போது வரும்? செய்தவர் யார் என்பதே புதுச் செய்தியாக இருக்கும்போது. 'பெனிசிலின் வாஸ் டிஸ்கவர்ட் இன் 1928 பை அலெக்சாண்டர் ஃபிளெமிங்'. இங்கே ஃபிளெமிங் பெயர் இல்லாவிட்டால் வாக்கியத்தில் பாதி போய்விடும், அதனால் 'பை' வேண்டும்.

'எனக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள்' என்பதை 'ஐ வாஸ் கிவன் எ புக்' என்று சொல்ல நமக்குத் தயக்கமாக இருக்கும், ஏனென்றால் 'நான் கொடுக்கப்பட்டேன்' என்றால் தமிழில் பொருளே வேறு. ஆங்கிலத்தில் நம் 'எனக்கு' தாராளமாக எழுவாய் ஆகும். 'ஐ வாஸ் டோல்ட்', 'ஷி வாஸ் ஆஃபர்ட் எ ஜாப்', 'வீ வேர் ஷோன் தி ரூம்' எல்லாம் தினசரிப் பேச்சு. இன்னொன்று, 'நான் முடி வெட்டிக்கொண்டேன்' என்று சொல்கிறோம், வெட்டியது வேறொருவர். அதை 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரிக்கோலை நீங்களே பிடித்ததாக ஆகிவிடும். 'ஐ ஹாட் மை ஹேர் கட்' என்று சொல்ல வேண்டும், கடைசியில் நிற்பது அதே மூன்றாம் வடிவம்தான். 'என்னைக் காத்திருக்க வைத்தார்கள்' என்பதற்கு 'தே மேட் மீ வெயிட்' என்பதில் 'டு' இல்லை, ஆனால் 'ஐ வாஸ் மேட் டு வெயிட்' என்று திருப்பும்போது 'டு' வந்துவிடும். கேம்பிரிட்ஜ் தேர்வின் நான்காம் பகுதியில், கொடுத்த சொல்லை மாற்றாமல் வாக்கியத்தைத் திருப்பி எழுதச் சொல்லும் கேள்விகளில், இந்த மாதிரி நுணுக்கங்களைத்தான் சோதிப்பார்கள். பி2 ஃபர்ஸ்டில் 2 முதல் 5 சொற்களுக்குள், சி1 அட்வான்ஸ்டில் 3 முதல் 6 சொற்களுக்குள் விடை இருக்க வேண்டும்.

செயப்பாட்டு வினைக்கு வராத வினைகளும் உண்டு. செயப்படுபொருள் இல்லாத வினைக்கு இது கிடையாது, அவ்வளவுதான் விதி. 'ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்' என்பது நம்மிடம் அடிக்கடி வரும் பிழை. 'ஹாப்பன்', 'அக்கர்', 'டை', 'அரைவ்', 'டிஸ்அப்பியர்' ஐந்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள். 'கன்சிஸ்ட் ஆஃப்', 'பிலாங் டு' இவற்றுக்கும் முன்னால் 'இஸ்' போடக் கூடாது. இதற்கு நேர் எதிராக, 'நான் பிறந்தேன்' என்பது தமிழில் செய்வினைபோல இருந்தாலும் ஆங்கிலத்தில் 'ஐ வாஸ் பார்ன்' என்றுதான் வரும். 'நூலகம் திறந்திருக்கிறது' என்பதற்கு 'தி லைப்ரரி இஸ் ஓப்பன்', 'ஓப்பன்ட்' இல்லை. 'மூடியிருக்கிறது' என்பதற்கோ 'இஸ் க்ளோஸ்ட்'. ஒன்றில் பெயரடை தனியாகவே இருக்கிறது, இன்னொன்றில் மூன்றாம் வடிவமே பெயரடையாக வேலை செய்கிறது.

படி 7: இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்குங்கள்

இனிமேல்தான் சுவாரசியம். 'ஏபிள்' என்ற வாலுக்குள் ஒரு செயப்பாட்டு வினை ஒளிந்திருக்கிறது. 'திஸ் பாட்டில் கேன் பி யூஸ்ட் அகேன்' என்ற முழு வாக்கியத்தையும் 'ரீயூசபிள்' என்ற ஒரே சொல்லில் அடக்கலாம். 'இட் கேனாட் பி ஃபர்காட்டன்' என்பது 'அன்ஃபர்கெட்டபிள்'. படிக்க முடியாத கையெழுத்து 'இல்லெஜிபிள்'. பத்து செயப்பாட்டு வாக்கியங்கள் எழுதி ஒவ்வொன்றையும் ஒரு சொல்லாகச் சுருக்குங்கள், அப்புறம் அந்தச் சொல்லை மட்டும் பார்த்து வாக்கியத்தைத் திரும்ப எழுதுங்கள். 'அன்லாக்கபிள்' என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்தது. 'அன்லாக்' செய்ய முடிவது என்று பிரித்தால் திறக்கப்படக்கூடியது, 'லாக்கபிள்' இல்லாதது என்று பிரித்தால் பூட்டவே முடியாதது. எந்தத் துண்டு முதலில் ஒட்டியது என்பதைப் பொறுத்துப் பொருளே தலைகீழாகிறது.

'எம்ப்ளாயர்' வேலை கொடுப்பவர், 'எம்ப்ளாயீ' வேலைக்கு அமர்த்தப்பட்டவர். 'டிரெயினர்', 'டிரெயினீ' அதேபோல. 'அர்' செய்பவரைக் காட்டுகிறது, 'ஈ' செயலுக்கு உள்ளானவரைக் காட்டுகிறது, எல்லாச் சொல்லுக்கும் பொருந்தாது என்றாலும் ('அப்சென்டீ' வராமல் போனவர்) பெரும்பாலும் கைகொடுக்கும். 'போரிங்', 'போர்ட்' குழப்பமும் இதோடு தீரும். 'ஐ ஆம் போரிங்' என்றால் நான் மற்றவர்களைச் சலிப்பூட்டுகிறேன். சலிப்பு என்னைத் தாக்கியிருக்கிறது என்றால் மூன்றாம் வடிவம், 'ஐ ஆம் போர்ட்'.

கடைசியாக, மூன்று வரிப் பயிற்சி. ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரி செய்வினை: 'ஃபிளெமிங் டிஸ்கவர்ட் பெனிசிலின் இன் 1928'. இரண்டாம் வரி செயப்பாட்டு வினை: 'பெனிசிலின் வாஸ் டிஸ்கவர்ட் இன் 1928'. மூன்றாம் வரியில் வினையையே பெயர்ச்சொல்லாக்கி, அதன் மேல் புது வாக்கியம் கட்டுங்கள்: 'தி டிஸ்கவரி ஆஃப் பெனிசிலின் இன் 1928 சேஞ்ச்ட் மெடிசின்'. செய்தவரிடமிருந்து செயலுக்கு உள்ளான பொருளுக்கும், அங்கிருந்து செயலுக்கே பெயர் வைப்பதற்கும் கவனம் எப்படி நகர்கிறது பாருங்கள். கட்டுரை எழுதுவோருக்கும், ஐஇஎல்டிஎஸ் அகடமிக் தேர்வின் முதல் எழுத்துப் பணியில் ஒரு பொருள் தயாராகும் படத்தைப் பார்த்து 150 சொல்லுக்குக் குறையாமல் எழுத வேண்டியவர்களுக்கும் இந்த மூன்றாவது வரிதான் நடையைக் கொடுக்கிறது. எட்டு வாக்கியமும் 'இஸ்' போட்டே போனால் படிப்பவருக்குச் சலித்துவிடும், நடுவில் இரண்டு இடத்தில் 'ஆஃப்டர் தி ரிமூவல் ஆஃப்' என்பதுபோல் வினையைப் பெயராக்கித் தொடங்கினால் போதும்.

வாரத்தில் நாளை எப்படிப் பிரிப்பது என்றால், தினமும் அரை மணி நேரம் போதும். முதல் இரண்டு நாள் ஓசைக் கூட்டமும் சொல் குடும்பமும். மூன்றாம் நாள் அறிவியல் பற்றியோ ஒரு கருவியைப் பயன்படுத்தும் முறை பற்றியோ ஆங்கிலத்தில் வந்த 150 சொல் அளவு பத்தி ஒன்றை எடுத்து, அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதில் வரும் மூன்றாம் வடிவங்களை எல்லாம் அடிக்கோடிட்டு, எது செயப்பாட்டு வினை, எது பெயரடை, எது 'ஹாவ்' கூட வரும் செய்வினை என்று ஓரத்தில் குறியுங்கள். அப்புறம் பத்துச் சொற்களை அழித்து, பக்கத்தில் வேர்ச்சொல்லை மட்டும் எழுதிவைத்து நோட்டை மூடுங்கள். இரண்டு நாள் தொடாதீர்கள், உடனே செய்தால் நினைவில் இருந்து எழுதுவீர்களே தவிர யோசித்து எழுத மாட்டீர்கள். ஆறாம் நாள் திறந்து நிரப்பி, மூலத்தோடு ஒப்பிடுங்கள். தப்பாகப் போனதை மூன்று வகையாகப் பிரியுங்கள்: இடத்தின் வேலையைத் தப்பாகக் கணித்தது, எதிர்மறையோ பன்மையோ விட்டுப்போனது, எழுத்துக்கூட்டல். எந்த வகை அதிகமோ அடுத்த வாரம் அந்தப் படிக்கே திரும்பிப் போங்கள். ஏழாம் நாள் அந்தப் பத்தியில் தப்பிய சொற்களை மட்டும் வைத்து மூன்று வரிப் பயிற்சி எழுதுங்கள், அடுத்த பத்தியை அதற்கு அப்புறம் எடுக்கலாம்.